மீட்டர் சொல்லாத கணக்கு

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம், பட்டர்வொர்த்தில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 16,500 ரிங்கிட் கொடுத்து ஒரு பெரோடுவா மைவி வாங்கினேன். 2008ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1.3 லிட்டர் இன்ஜின், நான்கு கியர் ஆட்டோ. மீட்டர் 128,000 கிலோமீட்டர் என்று காட்டியது. பத்து வயதுக் காருக்கு அது நியாயமான எண்தான் என்று நானும் என் கணவரும் பேசிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து, காரின் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தபோது டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரு சர்வீஸ் அட்டை கையில் அகப்பட்டது. அதே பதிவெண். தேதி 2015 ஆகஸ்ட். கிலோமீட்டர் 161,000. இரண்டரை ஆண்டுகளில் என் கார் 33,000 கிலோமீட்டர் பின்னோக்கி ஓடியிருந்தது.

வியாபாரி அந்த அட்டை வேறு காருடையது என்றார். பதிவெண்ணைக் காட்டியபோது, முந்தைய உரிமையாளரைத்தான் கேட்க வேண்டும் என்றார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்திற்குப் போகலாம் என்று தம்பி வற்புறுத்தினான். பள்ளிக்கூட வேலைக்கு நடுவே அந்த அலைச்சலை நான் ஏற்கத் துணியவில்லை; அது சரியான முடிவா என்று இன்றும் எனக்கு ஐயம் உண்டு. ஆனால் அந்த அட்டை ஒரு நல்லதும் செய்தது. மீட்டரை நம்புவதை அன்றோடு விட்டுவிட்டு, ஒரு 100 பக்க நோட்டுப் புத்தகம் வாங்கி, காரைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் அதில் எழுதத் தொடங்கினேன். இப்போது மீட்டர் 264,000 காட்டுகிறது. உண்மையில் கார் 300,000ஐ எப்போதோ தாண்டியிருக்கும். வாரத்தில் ஐந்து நாள் நான் வசிக்கும் பிறை நகரிலிருந்து பினாங்குப் பாலத்தைக் கடந்து தீவிலுள்ள பள்ளிக்கும், மாதம் ஒருமுறை ஈப்போ புந்தோங்கில் இருக்கும் அம்மா வீட்டிற்கும் அது என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

வாங்கும்போது நான் முழுவதும் ஏமாளியாக இருந்துவிடவில்லை என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கில் வந்த பெருவெள்ளத்துக்கு நான்கு மாதங்களே ஆகியிருந்த காலம் அது. தண்ணீரில் மூழ்கிய கார்கள் துடைக்கப்பட்டு விற்பனைக்கு வரும் என்று எல்லாரும் எச்சரித்தார்கள். அதனால் பார்த்த ஒவ்வொரு காரிலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று பார்த்தேன். மாற்று டயர் வைக்கும் குழியைத் தடவினேன். இருக்கைகளைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தேன். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி முகர்ந்தேன். நான்கு கார்களை இப்படித் தள்ளினேன். ஆனால் ஸ்டீரிங் வழவழவென்று தேய்ந்திருந்ததையும், பிரேக் மிதியின் ரப்பர் ஒரு பக்கம் மழுங்கியிருந்ததையும், ஓட்டுநர் இருக்கையின் கதவோர விளிம்பு அமுங்கிப்போயிருந்ததையும் பார்த்தும் 128,000 என்ற எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. உரிமை மாற்றத்துக்காக புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிலையத்தில் நடக்கும் பி5 சோதனையில் கார் தேறிவிட்டது என்பதும் எனக்குத் தைரியம் கொடுத்தது. சேஸி எண்ணும் இன்ஜின் எண்ணும் சரியா, கார் சாலையில் ஓடத் தகுந்ததா என்பதைத்தான் அந்தச் சோதனை சொல்லும். இன்ஜினுக்குள் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது, சொல்ல வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

முதலில் போன பட்டறையில், என்னென்ன மாற்ற வேண்டும் என்று நான் கேட்டதற்கு, கணவரை அழைத்து வாருங்கள் என்று பதில் வந்தது. இரண்டாவது பட்டறை புக்கிட் மெர்தாஜாம் போகும் சாலையிலிருந்து ஒரு சந்துக்குள் இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு சீன ஃபோர்மன், மகன், ஒரு வேலையாள், அவ்வளவுதான். அவர் சர்வீஸ் அட்டையையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், இதற்கு இன்றைக்குத்தான் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்ளலாம்" என்று மலாயில் சொன்னார். எது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாதபோது, எல்லாம் மாற்ற வேண்டிய நிலையில் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்பது அவர் கணக்கு. ஊகித்துக்கொண்டு இருப்பதைவிட அது மலிவு.

அன்று மாற்றியவை: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், நான்கு பிளக்குகள், பிரேக் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், மேல் கீழ் ஹோஸ்கள், ரேடியேட்டர் மூடி, ஃபேன் பெல்ட். டயர்களை அவர் பார்த்தவுடனேயே ஒதுக்கிவிட்டார். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். என் டயர்களில் 3111 என்றிருந்தது. பூ, அதாவது தரையில் படும் வரிப்பள்ளம், நன்றாகவே இருந்தாலும் ரப்பர் ஏழு வயதாகி இறுகிப்போயிருந்தது. மறுநாள் அம்மா சொல்படி கோயிலில் பூசை போட்டு, புது டயர்களின் கீழ் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். புது டயர், பூசை இரண்டும் தேவைதான் என்றார் என் மாமியார்.

ரேடியேட்டர் தண்ணீரை இறக்கும்போது இன்னொரு செய்தி வெளிப்பட்டது. தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நம் நாடு சூடான நாடு, இங்கே அது எதற்கு என்று சொல்லி அதைக் கழற்றிப் போடும் வழக்கம் பழைய பட்டறைகளில் இன்னும் உண்டு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் நிறுத்தி, இன்ஜின் விரைவில் தன் வேலைச் சூட்டை எட்டும்படி செய்வதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் நெடுநேரம் அரைச் சூட்டிலேயே ஓடும். இன்னும் குளிராகத்தான் இருக்கிறது என்று எண்ணிக் காரின் கணினி கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர்தான் கிடைக்கிறதே என்று நான் குழம்பியதற்கு அதுதான் காரணம். புதிய தெர்மோஸ்டாட் போட்ட பிறகு அது 12.5 ஆயிற்று. அதைக் கழற்றியவர் ஒருவேளை நல்ல எண்ணத்தோடுதான் கழற்றியிருப்பார். ஆனால் சூடு ஏறுவதற்கான உண்மையான காரணத்தைத் தேடாமல், நோயைக் காட்டிய கருவியையே பிடுங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த உண்மையான காரணத்துக்கு என்னிடமும் ஒரு பங்கு உண்டு. ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. பத்து ஆண்டுச் சூட்டில் அது பழுத்து, விளிம்பில் பழுப்பேறியிருந்தது. ரேடியேட்டரையும் மாற்றிவிடுங்கள் என்று ஃபோர்மன் அங்கிள் சொன்னார். 280 ரிங்கிட். அன்றைய பில் ஏற்கெனவே ஆயிரத்தைத் தாண்டியிருந்ததால், அடுத்த முறை பார்க்கலாம் என்றேன். நோட்டில் 'ரேடியேட்டர், பிறகு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் 'பிறகு' ஒன்றரை ஆண்டு நீண்டது.

2019 தீபாவளிக்கு முந்தைய நாள். காரில் ஐந்து பேர், பின்னால் முறுக்கு டின்களும் துணிப்பைகளும். கோலகங்சாரைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் அந்த நீண்ட மேட்டில் நெரிசல், ஊர்ந்துதான் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்த மாமியார், "என்னம்மா, ஏர்கோன் சூடா வருது?" என்றார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். இன்ஜின் மிகையாகச் சூடானால், அதன் பளுவைக் குறைப்பதற்காகக் கணினி ஏர்கோன் கம்ப்ரெஸரை நிறுத்திவிடும்; பல கார்களில் முதல் எச்சரிக்கை அதுதான். நான் விசிறியைக் கூட்டி வைத்துப் பார்த்தேன். அரை நிமிடத்தில் பானட்டின் ஓரத்திலிருந்து ஆவி எழுந்தது. ஓரம் கட்டி உடனே இன்ஜினை அணைத்தேன். இறங்கிய என் கணவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார்; கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு திறந்தால் அந்தக் கணமே அது கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்து எங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு நகர்த்திய பிறகு, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், பழுப்பேறியிருந்த அதே விளிம்பில் மயிரிழைப் பிளவு.

தப்பித்ததற்கு ஒரே காரணம் உடனே அணைத்ததுதான். அடுத்த ஓய்விடம் வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தால் இன்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளைந்து, அதன் அடியிலுள்ள கேஸ்கெட் எரிந்து, காரின் விலையில் கால்வாசி அதற்கே போயிருக்கும். அந்த இரவு இழுவை வண்டிக்கும் ஈப்போவில் போட்ட ரேடியேட்டருக்கும் சேர்த்து 640 ரிங்கிட் ஆனது. தீபாவளி எண்ணெய்க் குளியலை அம்மா வீட்டில் மதியம்தான் முடித்தோம். அதற்குப் பின், பழைய காரில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் சூட்டோடு சேரும் இடம் எதுவானாலும் அது உடையும் வரை காத்திருப்பதில்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் இல்லை. கலந்தே விற்கப்படும் கூலண்ட் மட்டும்தான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. ரேடியேட்டரோடு இணைந்த சேமிப்புத் தொட்டியில் அதன் அளவைச் சனிக்கிழமைதோறும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்த்து எழுதுகிறேன். அளவு குறைந்தால் ஊற்றி நிரப்புவதோடு விடக்கூடாது. மூடிய சுற்றில் ஓடும் நீர் குறைகிறதென்றால் எங்கோ வழி கிடைத்திருக்கிறது என்றுதான் பொருள்.

இன்ஜின் ஆயிலின் கதை வேறு. இங்கே எல்லாரும் மினியாக் ஹித்தாம் என்று சொல்லும் அந்தக் கறுப்பெண்ணெயை இந்த இன்ஜின் குடிக்கும். வாங்கிய புதிதில் 2,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 700 மில்லி குறைந்தது. முந்தையவர்கள் ஆயிலைக் காலத்தில் மாற்றாததால் பிஸ்டனின் ஆயில் ரிங்குகளில் கரி பிடித்து அவை இறுகியிருக்கும் என்பது அங்கிளின் கணிப்பு. வேறொரு பட்டறையில் இன்ஜினைப் பிரித்து ஓவர்ஹால் செய்ய 2,800 ரிங்கிட் கேட்டார்கள். அங்கிள் அதற்கு முன் மலிவான இரண்டைச் செய்து பார்ப்போம் என்றார். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் சிறிய பிசிவி வால்வையும், மேல்மூடிக் கேஸ்கெட்டையும் மாற்றினார். செமி சிந்தெடிக் 10டபிள்யூ-40 ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார். ஓராண்டில் இழப்பு 400 மில்லியாகக் குறைந்து அங்கேயே நின்றுவிட்டது. நான் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அப்படியானால் கூடுதலாக ஊற்றுவது ஆண்டுக்கு மூன்றரை லிட்டர் சொச்சம். அதாவது, 95 ரிங்கிட் விலையுள்ள ஒரு நான்கு லிட்டர் டின். ஓவர்ஹாலுக்குக் கேட்ட பணத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டு ஊற்றலாம். ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான், ஆனால் போட்டுப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். ஆயில் குடிக்கும் இன்ஜினை வைத்திருப்பது பிழையன்று. அதை அளக்காமல் வைத்திருப்பதுதான் ஆபத்து. இந்த இன்ஜினில் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். பெல்ட்டைப் போலக் குறிப்பிட்ட கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் செயினும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் முழுக்க முழுக்க ஆயிலை நம்பியே வாழ்கின்றன.

கியர்பாக்ஸில் நான் அங்கிளோடு வாதாடினேன். ஆயில் கரும்பழுப்பாக, லேசாகக் கருகிய வாடையோடு இருந்தது. இயந்திரம் வைத்து முழுவதையும் ஒரே தடவையில் கழுவி மாற்றிவிடலாம் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்து சொன்னேன். பல காலம் மாற்றாத கியர்பாக்ஸில் அப்படிச் செய்தால், அடியில் படிந்திருப்பது கலங்கி வால்வுகளில் போய் அடைக்கும் என்று அவர் மறுத்தார். அடைப்பானைத் திறந்து வடித்தால் பாதி அளவுதான் வெளியே வரும், மீதி, இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். எனவே ஆயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று முறை வடித்து ஊற்றினார். "பெலான்-பெலான் (மெதுவாக, மெதுவாக), டீச்சர்." மூன்றாம் முறை வந்த ஆயில் தேன் நிறத்தில் இருந்தது. அதன்பின் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதே வேலை. இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது ஒரு சிறு தயக்கம் இருந்தது; அது போகவில்லை, கூடவும் இல்லை.

உதிரி பாகங்களில் நான் செய்த ஒரு தவறு மட்டும் சொல்கிறேன். சிக்னலில் டி கியரில் நிற்கும்போது ஸ்டீரிங் நடுங்கியது. இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங்கின் ரப்பர் கிழிந்திருந்தது. ஒரிஜினலுக்குப் பதில் அதன் மூன்றில் ஒரு பங்கு விலையிலிருந்த போலியைக் கேட்டு வாங்கிப் போட்டேன். எட்டு மாதத்தில் நடுக்கம் திரும்பி வந்தது, கூலியை இரண்டாம் முறை கொடுத்தேன். கழற்றி மாட்ட அதிகக் கூலியாகும் பாகமென்றால் ஒரிஜினல். வைப்பர், ஏர் ஃபில்டர் போல ஐந்து நிமிடத்தில் நாமே மாற்றக்கூடியதென்றால் நல்ல மாற்று நிறுவனத்தின் பொருளே போதும். அன்றிலிருந்து இப்படித்தான் பிரித்துக்கொள்கிறேன். பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயிலில் மட்டும் பணம் செலவழிக்கும் முன் ஒரு வேலை உண்டு. ஒரு சிலிண்டர் விட்டு விட்டு எரிந்தால், சந்தேகப்படும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி காயில், மாறாவிட்டால் பிளக்கையோ இன்ஜெக்டரையோ தேட வேண்டும்.

ஓடாத காரும் கெடும் என்பதை 2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றால் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காட்டியது. ஏழு வாரம் கார் வாசலிலேயே நின்றது. பேட்டரி செத்தது, பிரேக் டிஸ்க்கில் துருவேறியது, இன்ஜெக்டருக்குப் போகும் ஒயரை எலி கடித்து வைத்தது. இப்போதெல்லாம் நீண்ட பள்ளி விடுமுறையிலும் வாரம் ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட்டுகிறேன். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிடுவதால் பேட்டரியும் நிறையாது, ஆயிலில் சேர்ந்த ஈரமும் ஆவியாகாது. 25 ரிங்கிட்டுக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். இரவு நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், இன்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டியும் காட்டினால் நிம்மதி. இரண்டாவது எண் 13க்குக் கீழே இறங்கினால் பேட்டரிக் கடைக்குப் போகும் முன், பேட்டரியை நிறைக்கும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும்.

பிறையில் கடல் காற்று, நாள்தோறும் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம். இன்ஜினைவிட இந்தக் காரின் ஆயுளைத் தீர்மானிக்கப்போவது துருதான் என்பது என் எண்ணம். மாதம் ஒருமுறை கழுவும் கடையில் மேல் மெருகைத் தவிர்த்து, அடிப்பாகத்திலும் சக்கர வளைவுகளின் உட்புறத்திலும் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்கிறேன். கதவுகளின் அடியில் உள்ள வடிகால் துளைகளை ஈர்க்குச்சியால் குத்திவிடுவேன், கண்ணாடிக்குக் கீழே சேரும் வேப்பிலைச் சருகை அள்ளிப்போடுவேன். துருவின் மேலேயே கறுப்புத் தார்ப் பூச்சு அடிப்பதை அங்கிள் ஒருபோதும் ஒப்பமாட்டார். அது துருவை மூடி வைத்து உள்ளுக்குள் தின்னவிடும். சுரண்டி, துரு மாற்றும் மருந்து தடவி, காய்ந்த பிறகே பூச வேண்டும். அதிர்வைத் தாங்கும் பின்பக்க அப்சோர்பர் பிணைந்திருக்கும் இடத்தில் தகடு ஓட்டையாகும் நாளில் இந்தக் காரை விட்டுவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அதை ஒட்டுப்போட்டு ஓட்டமாட்டேன். கியர்பாக்ஸ் போனாலும் அப்படியே. இந்த இரண்டைத் தவிர வேறு எதற்காகவும் விடுவதாக இல்லை.

முதல் ஆண்டில் மட்டும் 3,460 ரிங்கிட் போயிற்று. அதோடு அந்தக் காரை விற்றிருந்தால் வெறும் நட்டம்தான். டயர், பேட்டரி, இழுவை வண்டி உட்பட ஏழரை ஆண்டுக்கும் நோட்டுப் புத்தகம் காட்டும் மொத்தம் 14,200. சாலை வரி ஆண்டுக்கு 70 ரிங்கிட். பக்கத்து வகுப்பு ஆசிரியை தன் புதுக் காருக்கு மாதம் 620 ரிங்கிட் தவணை கட்டுகிறார். என் ஏழரை ஆண்டுச் செலவு அவருக்கு 23 மாதத் தவணை. அவர் கார் வழியில் நின்றதில்லை, என் கார் நின்றிருக்கிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும்.

கடந்த மாதம் முதல், காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் இரண்டு விநாடி 'கடகட' என்று ஒரு சத்தம் கேட்கிறது; ஆயில் மேலே ஏறியதும் அடங்கிவிடுகிறது. செயின் நீண்டிருக்கலாம், டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், அல்லது ஆயில் ஃபில்டரின் வால்வு ஆயிலைத் தாங்கி நிறுத்தாமல் இரவில் இறங்கவிடுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கைப்பேசியில் பதிவு செய்து கொண்டுபோனேன். அங்கிள் அதை நம்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலையே காரைப் பட்டறையில் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை முதல் ஸ்டார்ட்டைத் தானே போட்டு, பானட்டுக்குள் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் எதையும் சொல்வாராம். ஆயில் அளவை மட்டும் அதற்கு முன் நானே பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும்.